மரத்தின் வேரும் படலக் காளானும்

சவுக்கு பயிரிடும் குடும்பங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. புதிதாக நாற்றங்கால் அமைக்கும்பொழுது, செழித்து நிற்கும் பழைய தோப்பு ஒன்றிலிருந்து இரண்டொரு கூடை மண்ணை எடுத்துவந்து பாத்தியில் தூவிக் கலப்பர். பழவேற்காட்டு ஏரியை அடுத்த மணற்பாங்கான ஊர்களிலும், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கங்களிலும் சவுக்கு வைக்கும் அன்பர்கள் இதனை நன்கு அறிவர். அந்த மண்ணில் எருச்சத்து மிகுதியாக இருப்பதில்லை. கைப்பிடி அள்ளிப் பார்த்தால் மணலும், மக்கிய சருகும், சில வேர்த்துணுக்குகளுமே தென்படும். ஆயினும் அதைக் கலந்த பாத்தியில் நாற்றுகள் பச்சென்று எழும்புகின்றன. கலவாத பாத்தியில் சோர்ந்து நிற்கின்றன. பழைய மண்ணுக்கு ஒரு ராசி உண்டு என்று சொல்லி விட்டுவிடுவோரும் உளர்.

அது ராசியன்று. மரத்தின் வேரோடு கூடி வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் கூடையில் வந்து சேருகின்றன. இவ்வுண்மையை உலகம் கற்றுக்கொண்ட வரலாறு நம் சவுக்குத் தோப்பில் தொடங்கவில்லை. பைன் முதலிய காட்டு மரங்களின் அடியில் தொடங்கிற்று. அக்கதையில் முக்கியமான பங்கு வகிப்பது, தரையோடு தரையாக அடை போலப் படர்ந்து, கண்ணில் படாமலே வாழும் ஒருவகைக் காளான். அதனைப் பற்றி முதலில் அறிந்துகொண்டு, பின்னர் நம் வட்டாரத்திற்குத் திரும்புவோம்.

வேரைப் போர்த்திய பூசணம்

1885ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தாவர நூலார் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு பிராங்க் என்பவர், பிரஷ்ய அரசாங்கத்தின் பொருட்டு ஒரு காரியத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். மண்ணுக்கடியில் விளையும், விலைமிக்க டிரபிள் என்னும் உணவுக்காளானைப் பயிராக வளர்க்கலாகுமா என்பதே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. அது கைகூடவில்லை. ஆனால் காட்டு மரங்களின் நுனிவேர்களைத் தோண்டிப் பார்த்தபொழுது வேறொரு புதுமை அவர் கண்ணில் பட்டது. அவ்வேர்நுனிகள் வெறுமையாக இல்லை. ஒவ்வொன்றும் பூசண இழைகளாலான உறையால் முற்றிலும் மூடப்பட்டிருந்தது. உறையோடு கூடிய அம்மரங்கள் நோயுற்றிருக்கவுமில்லை. எனவே இது பகையன்று, உறவு என்று அவர் துணிந்தார். பூசணம், வேர் என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து "மைகோரைசா" என்று பெயரிட்டார். நாம் அதனை வேர்ப்பூசணக் கூட்டு எனலாம்.

அந்த உறையின் தன்மையை நெசவாளர்கள் எளிதில் உணர்வார்கள். பூசண இழை மிக மெல்லியது; நம் தறியில் ஓடும் நூறாம் நம்பர் நூலைவிட ஏறக்குறைய இருபது மடங்கு மெல்லியது. பாவு, ஊடை என்ற ஒழுங்கு அதில் கிடையாது. கம்பளி மயிரை நனைத்து அழுத்தினால் நெய்யாமலே ஒரு விரிப்பு உண்டாவது போல, எண்ணற்ற இழைகள் ஒன்றோடொன்று பின்னி வேர்நுனியைப் போர்த்துகின்றன. உறையின் உட்புறத்திலிருந்து சில இழைகள் வேரின் மேலடுக்கு உயிரணுக்களுக்கு இடையே நுழைந்து வலை பின்னுகின்றன. தியோடர் ஹார்ட்டிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் பெயரால் இவ்வலையை ஹார்ட்டிக் வலை என்பர். உயிரணுவைத் துளைத்து உட்புகாமல், சுவருக்குச் சுவர் நின்று பண்டமாற்றுச் செய்வதே இவ்வகைக் கூட்டின் இயல்பு. உறையின் வெளிப்புறத்திலிருந்து கிளம்பும் இழைகளோ வேர் எட்டாத இடங்களுக்கெல்லாம் மண்ணுக்குள் பரவுகின்றன.

படலக் காளான் என்பது யாது?

காளான் என்றவுடன் குடை விரித்து நிற்பதே நம் நினைவுக்கு வரும். ஆனால் குடையும் தண்டும் இல்லாத காளான்கள் பல உள. சுவரில் சுண்ணாம்பு பூசியது போல, விழுந்த மரக்கட்டையின் அடிப்புறத்திலும், சருகின் கீழும், மண்கட்டிகளின் மீதும் மெல்லிய படலமாக அவை ஒட்டிக்கொண்டிருக்கும். பழுப்பு, சாம்பல், மஞ்சள், கருநீலம் என நிறம் வேறுபடும். இவற்றைப் படலக் காளான்கள் என்போம்.

இவற்றுள் தேலெபோரா குலம் குறிப்பிடத்தக்கது. அதில் டோமென்டெல்லா என்னும் இனம் முழுதும் படலமாகவே வாழ்வது. அதன் உறவினமாகிய தேலெபோரா டெரஸ்ட்ரிஸ் என்பது சிறிது எழும்பி, ஓரம் வெளுத்த பழுப்பு நிற விசிறிகளாக மண்மேல் அடுக்கடுக்காகப் படரும். ஆங்கிலேயர் அதனை மண் விசிறி என்ற பொருள்படும் பெயரால் அழைப்பர். பைன் நாற்றங்கால்களில் அது மிகச் சாதாரணம். சில வேளை நாற்றின் அடித்தண்டைச் சுற்றிக்கொண்டு ஏறுவதும் உண்டு. அறியாதவர் கண்ணுக்கு அது நாற்றை நெரிக்கும் நோய் போலத் தோன்றும்; பூசணக்கொல்லியைத் தெளிக்கத் தோன்றும். உண்மையில் அது தண்டை உண்பதில்லை. பற்றி ஏறுவதற்குத் தண்டு ஒரு கொம்பு, அவ்வளவே. கீழே மண்ணுக்குள் அதே காளானின் இழைகள் அந்நாற்றின் வேருக்கு ஊட்டம் சேர்த்துக்கொண்டிருக்கும்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் பைன் மரம் எதுவும் இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நாம் காணும் பைன் தோப்புகள் மனிதர் வைத்தவை. அவற்றுள் பைனஸ் பாட்டுலா என்பது மெக்சிகோ நாட்டு மரம். 1990களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மோகன், நடராஜன் ஆகியோர், ஸ்காட்லாந்து நாட்டு ஆய்வாளர் இங்கிள்பியுடன் சேர்ந்து நீலகிரியில் இம்மரத்தின் வேர்களை ஆராய்ந்தனர். தேலெபோரா டெரஸ்ட்ரிஸ் அதன் வேரில் அமைக்கும் உறையையும் வலையையும் நுணுகி நோக்கி, 1993இல் அதன் உடற்கூற்றை வெளியிட்டனர். தரையில் படரும் விசிறியும் வேரில் உள்ள உறையும் ஒரே உயிரின் இரு பகுதிகள் என்பது நம் மலையிலேயே விளக்கமாயிற்று.

கொடுக்கல் வாங்கல்

இக்கூட்டில் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வி எழும். கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்கள் கணக்குப் பார்க்காமல் எதையும் ஏற்கமாட்டார்கள் அல்லவா?

ஸ்வீடன் நாட்டில் மெலின், நில்சன் என்னும் இருவர் அக்கணக்கைப் பார்த்தனர். 1950இல் கதிரியக்க மணிச்சத்தைப் பூசண இழைகளுக்கு மட்டும் எட்டும்படி வைத்துச் சோதித்தபொழுது, அது இழைகளின் வழியே சென்று பைன் நாற்றுக்குள் சேர்ந்தது. 1957இல் இதன் மறுபக்கத்தைக் கண்டனர். இலையில் உண்டான சர்க்கரையின் கரி, வேர் வழியே பூசணத்தின் உறைக்குள் வந்து சேர்ந்தது. பூசணத்திற்குப் பச்சையம் இல்லை; வெயிலைக் கொண்டு உணவு சமைக்க அதனால் ஆகாது. மரத்திற்கோ, மண்துகள்களில் இறுகப் பற்றிக்கிடக்கும் மணிச்சத்தைத் தேடி எட்டும் அளவு மெல்லிய வேர் இல்லை. ஆகவே மரம் சர்க்கரை கொடுக்கிறது. பூசணம் மணிச்சத்தும் தழைச்சத்தும் நீரும் சேர்த்துத் தருகிறது. மரம் தான் சமைக்கும் உணவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை பூசணத்திற்கு ஈகின்றது என்று அறிஞர்கள் மதிப்பிடுகின்றனர். இது சிறிய சந்தா அன்று. இவ்வளவு கொடுத்தும் மரம் தழைக்கிறதென்றால், பெறுவது அதனினும் பெரிதாகவே இருத்தல் வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மண்ணில் மணிச்சத்து உரத்தை அளவுக்கு மேல் இட்டால், செடி பூசணத்திற்குக் கொடுக்கும் பங்கைக் குறைத்துக்கொள்கிறது, கூட்டும் தளர்கிறது. கைநிறைய உரம் இட்டுவிட்டு மண்ணில் உயிர் இல்லையே என்று வருந்துவது பயனற்றது.

கூட்டாளி இல்லாத மரம்

கூட்டாளி இல்லாவிட்டால் மரம் என்ன ஆகும் என்பதை உலகம் பெரும் நஷ்டத்தோடு கற்றது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அரசாங்கத்தார் பைன் நாற்றங்கால்களை அமைத்தபொழுது, சில இடங்களில் நாற்றுகள் மஞ்சள் பாய்ந்து குன்றி நின்றன. செழித்த பைன் தோப்பின் மண்ணைக் கொண்டுவந்து இட்டபின் அவை தேறின. வனத்துறைத் தலைவர் கெஸ்ஸல் என்பவர் 1927இல் இதனை எழுதி, மண்ணிலுள்ள ஓர் உயிர்ப்பொருளே குறைவுக்குக் காரணம் என்று எடுத்துக்காட்டினார். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய போர்ட்டோ ரிக்கோவில் பல ஆண்டுகள் பைன் வைத்தும் பிழைக்கவில்லை. 1950களில் அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைக் கொணர்ந்து சேர்த்த பின்னரே அங்கு பைன் நிலைத்தது. இதன்பின், பழைய தோப்பு மண்ணைப் பாத்தி மண்ணில் பத்தில் ஒரு பங்கு வரை கலப்பது பல நாடுகளில் பைன் நாற்றங்கால்களின் வழக்கமாயிற்று. நம் சவுக்குக்காரர்களின் கூடை மண்ணும் இதே அறிவுதான் என்பதை வாசகர்கள் உணர்வார்கள்.

மறைந்திருந்த பெருங்கூட்டம்

படலக் காளான்களின் பெருமை நெடுநாள் வெளிப்படவில்லை. மக்கிய கட்டையின் அடியில் காணப்பட்டதால், கட்டையை மக்கச் செய்வது இவையே என்று கருதப்பட்டு வந்தது. உண்மையில் டோமென்டெல்லாவுக்குக் கட்டை என்பது தங்கும் கூரை போன்றது. உணவு வருவது வேரிலிருந்து. மரபணுவைக் கொண்டு இனங்காணும் முறை வந்த பின்னரே இது தெளிவாயிற்று. 1996இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பைன் காட்டைக் கார்டெஸ், புரூன்ஸ் என்போர் ஆராய்ந்தனர். தரைமேல் மிகுதியாக முளைத்த குடைக்காளான் வேர்களில் அரிதாகவே இருந்தது. வேர்களில் மிகுந்திருந்த சில பூசணங்களோ தரைமேல் காணப்படவே இல்லை. தேலெபோரா குலத்துப் படலக் காளான்கள் அவற்றுள் அடங்கும். 2000ஆம் ஆண்டில் எஸ்டோனிய நாட்டு அறிஞர் கோல்யால்க் முதலியோர், ஸ்வீடன் காடுகளின் வேர்களிலும் இக்குலத்துப் படலக் காளான்கள் ஏராளமாக இருப்பதைக் காட்டினர். நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளின் மழைக்காடுகளில் குங்கிலியக் குடும்பத்து மரங்களை ஒட்டி நடந்த ஆய்வுகளிலும் இக்குலம் காணப்பட்டுள்ளது. நமக்கு அண்மையிலுள்ள சித்தூர், கடப்பை மலைகளில் வளரும் தம்பக மரமும் அதே குடும்பத்தைச் சார்ந்ததே.

இக்காளான்களின் விதைத்துகள் ஒரு மரத்தினின்று மற்றொன்றுக்குச் செல்லும் வழியும் விந்தையானது. குடைக்காளானின் துகள் காற்றில் பறக்கும். சருகின் கீழ் ஒட்டிக்கிடக்கும் படலத்திற்குக் காற்று ஏது? 2005இல் லில்லெஸ்கோவ், புரூன்ஸ் ஆகியோர் இதற்கு விடை கண்டனர். மண்ணில் வாழும் சிறு பூச்சிகள் படலத்தை மேய்கின்றன. அவற்றைப் பூரான் போன்றவை உண்கின்றன. அவற்றின் கழிவில் துகள்கள் உயிரோடு வெளிப்பட்டுப் புதிய வேர்களைச் சேர்கின்றன. எனவே சருகு வெறுங்குப்பை அன்று. அது பூசணத்தின் வீடு. பூசணத்தைச் சுமந்து செல்லும் பூச்சிகளுக்கும் வீடு. சருகு முழுவதையும் வாரி எரித்தால் இருவரும் ஒருங்கே அழிவர்.

நம் மரங்களின் தோழர்கள்

எல்லா மரத்திற்கும் ஒரே பூசணம் துணையாவதில்லை. நீலகிரிப் பைன் மண்ணைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்து இடுவதால் சவுக்குக்கு யாதொரு நன்மையும் இல்லை. சவுக்குக்கு முக்கியத் துணைகள் இரண்டு. ஒன்று, அதன் வேரில் பவளக்கொத்துப் போல முடிச்சு அமைத்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர். வேர்ப்பூசணத்தைக் கண்டறிந்த பிராங்க் பெயரையே 1886இல் அதற்கு இட்டனர். மற்றொன்று, வேரின் உயிரணுவுக்குள்ளேயே நுழைந்து வாழும் வேர் உட்பூசணம். நெல், கம்பு, கடலை, மிளகாய் எனப் பெரும்பாலான பயிர்களுக்கு உதவுவது இவ்வகையே. பருத்திக்கும் இதுவே துணை. நெசவாளர் கைக்கு வரும் நூலின் தொடக்கத்திலும் ஒரு பூசண இழை இருக்கிறது என்றால் மிகையாகாது. கோயம்புத்தூரில் 1988இல் தோன்றிய வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் சவுக்கைப் பற்றியும் அதன் வேர்த் துணைகளைப் பற்றியும் ஆராய்ந்து வருகிறது.

தைலமரமோ பைன் போன்றே உறையிடும் பூசணங்களையும் ஏற்கும். மழைக்குப்பின் தைலமரத் தோப்பில் உருளைக்கிழங்கு போன்ற பழுப்பு உருண்டைகள் மண்ணைப் பிளந்து எழுவதைக் காணலாம். உடைத்தால் பொடி பறக்கும். அவற்றுள் பைசோலித்தஸ் என்பது ஒன்று. ஐரோப்பாவில் அதைக் கொண்டு கம்பளிக்குச் சாயம் ஏற்றியதால், அவ்வினத்துள் ஒன்றிற்குச் சாயத்திற்குரியது என்னும் பொருளில் லத்தீன் பெயரும் வாய்த்தது. தேலெபோரா குலத்திலும் கருநீலச் சாயப்பொருள் உண்டு. இவை பெரும்பாலும் கம்பளியில் பிடிக்கும் சாயங்கள். பருத்தித் தறிக்கு உடனே பயன்படா. ஆயினும் சாயம் தோய்க்கும் நம் அன்பர்கள் அறிந்துவைத்திருக்கத் தக்கவை.

மேல்மண்ணின் விலை

இவ்வளவும் கூறியதன் நோக்கம் யாதெனில், இந்த உயிர்க்கூட்டம் முழுவதும் பெரும்பான்மையாக வாழ்வது சருகும் மேல்மண்ணும் சேர்ந்த ஒரு சாண் ஆழத்திற்குள் என்பதை நினைவூட்டுவதே. திருவள்ளூர் மாவட்டத்தில் அந்த ஒரு சாண் மண்ணுக்கு இன்று பல பக்கங்களிலிருந்தும் கேடு வருகிறது. செங்கற்சூளைக்காக மேல்மண் வெட்டப்படுகிறது. தொழிற்சாலைக்காக நிலம் மேடாக்கப்படும் இடங்களில், எங்கிருந்தோ வந்த கிராவலும் இடிபாடும் பழைய மண்ணை மூடுகின்றன. பின்னர் அதன்மேல் குழி தோண்டி மரம் நடுவர். நீர் ஊற்றியும் மரம் வளராமல் நிற்கும். நாற்றின் மேல் பழி விழும். காவல்காரர் மேல் பழி விழும். குழியில் கூட்டாளி இல்லை என்பதை நினைப்பவர் அரியர்.

உலோகத் தொழில் மிகுந்த இடங்களில் இது இன்னும் கருதத்தக்கது. வேர்ப்பூசணங்களுள் சில, துத்தநாகம் போன்ற உலோகங்களைத் தம் இழைகளில் தடுத்து, வேருக்குச் செல்வதைக் குறைக்கின்றன என்று பெல்ஜிய நாட்டில் பைன் நாற்றுகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் காட்டின. இதனால் கழிவை எங்கும் கொட்டலாம் என்று பொருள் கொள்ளலாகாது. உயிருள்ள மண் தாங்கும் கேட்டைச் செத்த மண் தாங்காது என்பதே இதன் கருத்து.

சருகைப் பற்றியும் நேர்மையாகப் பேசவேண்டும். சவுக்குச் சருகை வாரி அடுப்பெரிக்கும் ஏழைக் குடும்பங்கள் பல. அவர்களைக் குறை கூறுவது தகாது. ஆனால் தோப்பு முழுவதையும் தரை தெரிய வழிப்பதைவிட, வரிசை விட்டு வரிசை வாரினால் அடுப்பும் எரியும், மண்ணும் பிழைக்கும். தோப்பின் உரிமையாளரும் வாருவோரும் கலந்து பேசி முறை வைத்துக்கொள்ளலாம். இத்தகைய ஏற்பாட்டிற்குச் சங்கத்தைவிடத் தகுந்த இடம் இல்லை.

அங்கத்தினர்கள் கைக்கொள்ளத் தக்கவை

முதலாவது, நாற்றங்காலுக்குத் தோப்பு மண் எடுக்கும்பொழுது அதே மரத்தின் நோயற்ற தோப்பிலிருந்து எடுக்கவேண்டும். பட்டை கொப்புளித்துக் கரும்பொடி உதிரும் நோய், வாடல் நோய் ஆகியவை கண்ட சவுக்குத் தோப்பின் மண்ணை ஒருபோதும் எடுக்கலாகாது. நண்பரோடு பகைவரும் வந்துவிடுவர்.

இரண்டாவது, சருகை ஒதுக்கி, நுனிவேர்கள் அடர்ந்த ஈரமான மேல்மண்ணையே எடுக்கவேண்டும். வெயிலில் காயவிடாமல் ஈரச் சாக்கு மூடிக் கொண்டுவந்து அன்றே கலத்தல் நன்று. எடுத்த இடத்தை மீண்டும் சருகால் மூடிவைத்தல் நம் கடமை.

மூன்றாவது, நாற்றுப்பையின் மேல் படலமோ விசிறியோ தோன்றின் உடனே மருந்தைத் தேடவேண்டா. நாற்று நிமிர்ந்து பசுமையாக இருக்கின்றதா, அடித்தண்டு உறுதியாக உள்ளதா என்று முதலில் பார்க்கவேண்டும். ஒரு நாற்றைப் பிடுங்கி வேரை நீரில் அலசிப் பார்க்கலாம். தண்டு அழுகி நாற்று சாய்ந்தால் அது நோய். அதற்கு வேளாண்மை அலுவலரைக் கேட்டு ஆவன செய்யவேண்டும். நாற்று நலமாயின், காளானை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

நான்காவது, நிலத்தை விற்கும் நிலை வந்தாலும், கட்டடத்திற்கு வெட்டும் நிலை வந்தாலும், மேல்மண்ணைத் தனியே குவித்துவைத்து, மரம் நடும் குழிகளுக்குத் திரும்ப இடும்படி கேட்டுப்பெற வேண்டும். லாரி மண்ணாக விற்றால் ஒரு நாள் பணம் கிடைக்கும். அந்த மண்ணில் குடியிருந்த உயிர்க்கூட்டம் மீண்டும் சேர எத்தனையோ ஆண்டுகள் செல்லும்.

தனி நூல் ஆடையாகாது. தனி வேரும் மரமாகாது. கூடை மண் சுமந்த நம் பெரியோர், பூசணத்தின் பெயரை அறியாமலே அதன் பயனை அறிந்திருந்தனர். நாம் பெயரையும் அறிந்துகொண்டோம். மண்ணைக் காக்கும் பொறுப்பும் அதனோடு நம்மைச் சேர்ந்துவிட்டது.